செகசிற்பியார் வகுப்பும் தமிழாசிரியர் மேசையும்

ஆங்கில இலக்கியத்தில், அதிலும் ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோரின் காலத்து இலக்கியத்தில், தமிழ் மாணவர் ஒருவர் பட்டம் பெற்று, அதனையே வாழ்நாள் முழுவதும் கற்பிக்கும் பேராசிரியராக விளங்குதல் கூடுமா? கூடுமெனின், அதனால் தமிழுக்கு யாது பயன்? கோலா குபு பாருவிலும் கோலா சிலாங்கூரிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் ஆசிரியராகவும் மாணவராகவும் இருப்போர் முன் இவ்விரு வினாக்களையும் வைக்க விரும்புகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளை, பிறமொழி இலக்கியத்தில் நாட்டம் கொண்டால், 'தமிழைக் கைவிட்டது' என்று ஒரு சாராரும், 'இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?' என்று மற்றொரு சாராரும் கூறக் கேட்கிறோம். இரு கூற்றுகளையும் வரலாற்றின் துணையுடன் ஆராய்ந்து பார்ப்பது தகும்.

பாடத்தின் எல்லை

பிரித்தானிய இலக்கிய வரலாற்றில் ஏறத்தாழ 1500 முதல் 1700 வரையுள்ள காலத்தைத் தொடக்க நவீனக் காலம் என்பர். அச்சுப்பொறி பரவியது, சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்தது, கடல்வணிகம் வளர்ந்தது, ஆங்கிலம் இலத்தீனின் நிழலிலிருந்து வெளிவந்து தன் காலில் நின்றது ஆகியவை இக்காலத்தின் அடையாளங்கள். ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்து 1616இல் மறைந்தார். மில்டனின் 'இழந்த சுவர்க்கம்' 1667இல் அச்சேறியது.

இவ்வாண்டுகளைத் தனியே மனனம் செய்தால் அவை விரைவில் மறந்துபோகும். நம்முடைய ஆண்டுகளுக்கு அருகில் வைத்தால் நிலைக்கும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சிடப்பட்டபோது ஷேக்ஸ்பியர் 14 வயதுச் சிறுவர். அவருடைய 'சூறாவளி' நாடகம் 1611இல் அரசவையில் நடிக்கப்பட்டது. மறு ஆண்டாகிய 1612, நம் நாட்டு மாணவர் அனைவரும் அறிந்த 'செஜாரா மெலாயு' நூலோடு இணைத்துப் பேசப்படும் ஆண்டு. மில்டன் வாழ்ந்த நூற்றாண்டிலேயே குமரகுருபரர் பாடினார். உமறுப்புலவரும் அந்நூற்றாண்டில் தோன்றியவர். 1679இல் அந்தோம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீச அகராதி கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகிய மூன்றையும் அறிந்த மலேசியத் தமிழ் மாணவருக்கு இக்காலம் அயலாரின் கதையாகத் தோன்ற வேண்டியதில்லை.

பேராசிரியர் செய்யும் பணி

இத்துறையைக் கற்பிப்பவர் என்ன செய்கிறார்? நாடகத்தின் கதையைச் சொல்லுதல் அவர் பணியின் மிகச் சிறிய பகுதி. பெரும்பகுதி சொல், பாடம், யாப்பு என்னும் மூன்றில் அடங்கும்.

முதலாவது, சொல். நானூறு ஆண்டுகளில் சொற்கள் பொருள் மாறுகின்றன. இன்று 'நல்ல' என்னும் பொருளில் வழங்கும் 'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அன்று 'அற்பமான', 'மிகை நுணுக்கம் பார்க்கின்ற' என்னும் பொருள்கள் இருந்தன. 'அனுமதி' என்னும் பொருளுடைய 'லெட்' என்ற சொல் 'தடை செய்' என்னும் நேர்மாறான பொருளிலும் வழங்கிற்று. இதனைக் கேட்டு நம் மாணவர் வியப்படையத் தேவையில்லை. 'நாற்றம்' முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. 'கோயில்' அரசன் இல்லத்தைக் குறித்தது. ஊர்ப்பெயரும் இவ்வாறு வரலாற்றைச் சுமக்கிறது. 1883ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிவுற்ற பழைய கோலா குபு, பின்னும் வெள்ளத் தொல்லைக்கு ஆளாகி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தமையால் அன்றோ 'புதிய' என்று பொருள்படும் 'பாரு' அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது! சொல்லுக்குள் உறையும் காலத்தை வெளிக்கொணர்வது இலக்கிய ஆசிரியரின் முதற்பணி.

இங்கு நம் மாணவருக்கு ஒரு தனிப்பேறு வாய்த்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கு 'தௌ', 'யூ' என இரு சொற்கள் இருந்தன. முதலாவது நெருக்கமும் உரிமையும், சில இடங்களில் இகழ்ச்சியும் காட்டும். இரண்டாவது மரியாதையும் விலகலும் காட்டும். இன்றைய பொது ஆங்கிலத்தில் 'தௌ' வழக்கொழிந்தது. ஆதலால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியுள்ளது. தம்பியை 'நீ' என்றும் ஆசிரியரை 'நீங்கள்' என்றும் நாள்தோறும் அழைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கோ ஒரு நொடியில் விளங்கிவிடும். 'ஹாம்லெட்' நாடகத்தில் அரசி தன் மகனைக் கடிந்துகொள்ளத் தொடங்குகையில் உரிமையோடு ஒருமையில் பேசுகிறாள். அவனோ அவள் சொற்றொடரையே திருப்பி, மரியாதைச் சொல்லால் விடையளிக்கிறான். உடனே அவளும் மரியாதைச் சொல்லுக்கு மாறுகிறாள். தாய்க்கும் மகனுக்கும் இடையே கதவு சாத்தப்படும் ஓசையை அம்மாற்றத்தில் கேட்கலாம். 'நீ' என்று தொடங்கிய தாய் 'நீங்கள்' என்று முடித்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழ் மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இரண்டாவது, பாடம், அதாவது நூலின் சரியான வடிவத்தை ஆராய்தல். ஷேக்ஸ்பியரின் நாடகங்களுள் 36ஐ, அவர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1623இல், அவருடைய நாடகக் குழுத் தோழர்களாகிய ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டல் என்னும் இருவர் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறாதவை. அத்தொகுப்பு வெளிவராதிருப்பின் 'மாக்பெத்', 'சூறாவளி' போன்றவை நம் கைக்கு எட்டாமலே போயிருக்கக்கூடும். 'ஹாம்லெட்' நாடகமோ 1603, 1604-05, 1623 ஆகிய பதிப்புகளில் மூன்று வேறு வடிவங்களில் கிடைக்கிறது. எதனை ஏற்பது, ஏன் ஏற்பது என்று ஆராய்வது பேராசிரியரின் கடமை. இதுவும் நாம் அறிந்த தொழிலே. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே ஏடு தேடி அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பாட வேறுபாடுகளோடு போராடிய கதையை நம் ஆசிரியர் பலர் அறிவர். ஏட்டுச் சுவடியை ஒப்பிடும் கண்ணும் பழைய அச்சுப் பிரதியை ஒப்பிடும் கண்ணும் ஒரே பயிற்சியால் கூர்மை பெறுகின்றன.

மூன்றாவது, யாப்பு. ஷேக்ஸ்பியரும் மில்டனும் பெரிதும் கையாண்டது, அடியிறுதி இயைபு இல்லாத ஐஞ்சீர்ச் செய்யுள். இயைபைக் கட்டாயமாகக் கொள்ளாது உரையாடலுக்கு இசைந்து நடக்கும் தமிழ்ப்பா எது என்று கேட்டால், ஆசிரியப்பா என்று படிவம் நான்கு மாணவரும் கூறக்கூடும். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' வெளியிட்டபோது, ஆங்கில நாடகத்தின் போக்குக்கு ஏற்ற யாப்பாகப் பெரிதும் ஆசிரியப்பாவையே தேர்ந்தார். பிறமொழி யாப்பை அறிந்தமையால் தமிழ் யாப்பின் ஆற்றல் ஒன்று புதிதாகப் புலனாயிற்று.

ஒரு கல்லூரி, மூன்று ஆசிரியர்

ஆங்கில இலக்கியக் கல்வி தமிழருக்கு அருளாகவே வந்தது என்று நாம் கூறவில்லை. 1835இல் மெக்காலேயின் கல்விக் குறிப்பு இந்தியக் கல்வியை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக 1890களில்தான் அமைந்தது. அதற்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் தேர்வுப் பாடங்களாகிவிட்டனர். ஆட்சியாளரின் மொழியில் தேர்ச்சி பெற்ற அலுவலரை உருவாக்குவது அக்கல்வியின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று. அதே வகுப்பறையிலிருந்து எதிர்பாராத விளைவு ஒன்று எழுந்ததையே இங்குக் காட்ட விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்தில் 1838இல் பிறந்த வில்லியம் மில்லர் 1862இல் சென்னை வந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்து, 1907 வரை அதன் முதல்வராக விளங்கினார். லியர் மன்னன், மாக்பெத், ஹாம்லெட், ஒதெல்லோ ஆகிய நான்கு துன்பியல் நாடகங்கள் பற்றிய தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். லியர் மன்னன் கதையை இந்திய அரசியலோடு இணைத்து ஆராயும் நூலொன்றும் 1900இல் எழுதினார். அயல்நாட்டு மன்னன் கதையை எதிரே அமர்ந்திருக்கும் மாணவரின் நாட்டோடு பொருத்திக் காட்டிய அம்முறை நோக்கத்தக்கது.

அக்கல்லூரியில் பயின்றவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். தத்துவத்திலும் தமிழிலும் தேர்ச்சி பெற்றிருந்த அவர் அங்கே தமிழாசிரியப் பணியையே விரும்பி ஏற்றார். ஆங்கில நாடகங்களைக் கற்ற அறிவோடு 'ரூபாவதி', 'கலாவதி' ஆகிய நாடகங்களை இயற்றினார்; நாடக இலக்கணமாக 'நாடகவியல்' எழுதினார். பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரில், ஆங்கிலத்தின் 14 அடிப் பாடல் வடிவத்தைத் தமிழுக்குக் கொணர்ந்து 'தனிப்பாசுரத் தொகை'யை ஆக்கினார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிறுவ முற்பட்டவரும் அவரே. 1903இல், 33 வயதில், அவர் மறைந்தார்.

மூன்றாமவர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை. திருநெல்வேலிச் சீமையின் முந்நீர்ப்பள்ளத்தில் பிறந்த இவர் ஆங்கிலப் பேராசிரியர். சாஸ்திரியாரோடு இணைந்து 'ஞானபோதினி' இதழை நடத்தினார். 1904இல் ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு ஒன்றை வெளியிட்டார். 1929இல் அதனை விரிவுபடுத்தித் தந்தார். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும்போது ஆசிரியர் பழகிக்கொள்ளும் காலப் பகுப்பு, நூலறிமுகம், மதிப்பீடு ஆகியவற்றைத் தமிழ் இலக்கியத்தின்மேல் செலுத்தியமையால் பிறந்த நூல்கள் இவை. தமிழறியாத உலகம் தமிழைப் பற்றி அறிய அந்நாளில் அவை வாயில்களாயின.

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய நாட்டுமொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தது. அதனை எதிர்த்து ஆதரவு திரட்டியவர்களுள் முன்னின்றோர் தமிழாசிரியராகிய சாஸ்திரியாரும் ஆங்கிலப் பேராசிரியராகிய பூரணலிங்கம் பிள்ளையும் ஆவர். அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழை நீக்கினால் ஆங்கிலப் பேராசிரியருக்கு இழப்பு ஏதுமில்லை; அவர் ஊதியமும் பதவியும் ஆங்கிலத்தால் வருபவை. ஆயினும் அவர் தமிழாசிரியரோடு நின்றார். ஒரு மொழியின் இலக்கியத்தை ஆழ்ந்து கற்பித்தவருக்கு மற்றொரு மொழியின் இலக்கியம் கல்விக்கூடத்திலிருந்து வெளியேறினால் எதை இழக்கிறோம் என்பது பிறரைவிடத் தெளிவாகத் தெரியும். பிறமொழி இலக்கியம் கற்பது தமிழைக் கைவிடுவதாகும் என்போருக்கு இந்நிகழ்ச்சியே விடை.

மதுரையில் நிகழ்ந்த ஓர் உரை

கல்லூரிக்கு வெளியே, தமிழ்ச் சங்க மேடையிலும் இப்பணி தொடர்ந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியவர். அச்சங்கத்தின் ஆண்டு விழாவில் 1924இல் நாடகத் தமிழ் பற்றி அவர் ஆற்றிய உரையே விரிவுபெற்று, 1926இல் 'மதங்க சூளாமணி' என்னும் நூலாக வெளிவந்தது.

அந்நூல் மூன்று இயல்களால் ஆனது. முதல் இயல் பழந்தமிழ் உரைகளில் சிதறிக் கிடக்கும் நாடக உறுப்புகளைத் தொகுத்துரைக்கிறது. இறுதி இயல் வடமொழி நாடக நூலின் கருத்துகளைத் தருகிறது. நடுவிலுள்ள எடுத்துக்காட்டியலில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்கள் ஆராயப்படுகின்றன. ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று அடிகள் அழைத்தார். ஒலியும் பொருந்தி, 'உலகைச் செதுக்குபவர்' என்ற பொருளும் தோன்றும் பெயர் அது. அவர் செய்த பெருஞ்செயல், அந்நாடகங்களை மெய்ப்பாடு, சுவை என்னும் நம் அளவுகோல்களால் அளந்தமை. பழந்தமிழ் நாடக நூல்கள் பெரும்பாலும் மறைந்துபோன நிலையில், எஞ்சிய இலக்கணத்துக்கு இலக்கியம் தேடியபோது அவருக்கு உதவியவர் ஆங்கிலப் புலவர். அதனால் ஆங்கிலப் புலவரும் தமிழில் புதிதாய்ப் புலப்பட்டார். தமிழ் இலக்கணமும் உயிர்ப்புற்றது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அடிகள் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

மலாயாவுக்கு வருவோம்

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. பின்னர்க் கோலாலம்பூரில் ஒரு பிரிவு அமைந்து, 1962இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சிங்கப்பூரில் தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் 1933இல் பிறந்த எட்வின் தம்பு அப்பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பட்டம் பெற்றதும் அவருக்குப் பல்கலைக்கழகப் பணி வாய்க்கவில்லை. வருமான வரி, சேமநிதி முதலிய அலுவலகங்களில் ஏறத்தாழப் பத்தாண்டு பணியாற்றி, 1966இல் விரிவுரையாளர் வரிசையில் சேர்ந்தார். எலிசபெத், ஜேம்ஸ் ஆகியோர் காலத்து நாடகங்களை அவர் கற்பித்தார். ஆங்கிலத் துறைத் தலைவராகவும் கலைப்புல முதல்வராகவும் உயர்ந்தார். அதே காலத்தில் சிங்கப்பூரின் பன்மொழிக் கவிதையைத் தொகுப்பதிலும் ஈடுபட்டார்.

கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்த கே.எஸ். மணியம், தமிழ்ப்பள்ளியில் சிறிது காலம் பயின்று ஆங்கிலப் பள்ளிக்கு மாறியவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிகளில் கற்பித்து, 1980 முதல் 1997 வரை மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் பணியாற்றினார். 1981இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், புலம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை வாழ்வை ஆங்கிலத்தில் பதிவு செய்தது.

அதே பல்கலைக்கழகத்தில் 1961 முதல் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள், வாத்திக்கன் நூலகத்தில் தாம் கண்ட, முன்னர்க் குறிப்பிட்ட 1679ஆம் ஆண்டு அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவ்வாண்டு ஏப்ரலில் இங்கு நடைபெற்றது. தொடக்க நவீனக் காலத்தை ஆராயும் பணி ஆங்கிலத் துறைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

நம் வட்டாரத்துக்கு உரியவை

இனி, 'என்ன வேலை கிடைக்கும்?' என்ற வினாவுக்கு வருவோம். இவ்வாழ்க்கைப் பாதை நீண்டது. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் எனப் பல்லாண்டுகள் செல்லும். பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கு உரிய இடங்கள் மிகச் சில. இதனை மாணவரிடம் மறைத்தல் கூடாது. ஆனால் இப்பயிற்சி பேராசிரியர் நாற்காலி ஒன்றை மட்டும் நோக்கியது எனக் கருதுவதும் பிழை. பழைய ஆவணத்தை நுணுகிப் படித்தல், சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணிதல், ஒரு கருத்தைச் சான்றோடு எழுதுதல் ஆகிய திறன்கள் பள்ளிக் கற்பித்தல், மொழிபெயர்ப்பு, இதழியல், பதிப்பு, சட்டம் ஆகிய துறைகளுக்கும் அடிப்படை. தம்பு பத்தாண்டு அலுவலகத்தில் காத்திருந்ததும், மணியம் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியதும் பெற்றோர் அறிய வேண்டிய செய்திகள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தது. அவ்வாறு எழுந்த தோட்டப் பள்ளிகள் எழுத்தறிவு தந்தன. அதற்கு மேல் ஏறும் படிகளை நம் முன்னோர் தாமே கட்ட வேண்டியிருந்தது. இன்று படிகள் உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியமும் ஆங்கில இலக்கியமும் விருப்பப் பாடங்களாக உள்ளன. எடுப்போர் குறைந்தால் பாடம் நிற்கும்; பாடம் நின்றால் அடுத்த தலைமுறைக்குப் படி இராது. 1902இல் சென்னையில் எதிர்ப்பட்ட இடர் ஆணையின் வடிவில் வந்தது. நம்மிடம் அது வெற்று நாற்காலிகளின் வடிவில் வருகிறது.

ஆகவே சில செயல்களை முன்வைக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தவணைக்கு ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பிக்கலாம். ஹாம்லெட்டும் தாயும் உரையாடும் காட்சியை ஒருவர் படிக்க, அதனை 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டோடு தமிழில் பெயர்க்கும் பயிற்சியை மற்றவர் நடத்தலாம். தமிழ் இலக்கிய மாணவர் மெய்ப்பாடு எட்டையும் கற்றபின், ஆங்கிலப் பாடத்தில் உள்ள கதையொன்றில் அவற்றைத் தேடிக் குறிக்கலாம். ஆண்டுப் பட்டியல் ஒன்றில் ஆங்கிலம், மலாய், தமிழ் நூல்களை வரிசைப்படுத்தி வகுப்புச் சுவரில் மாட்டலாம். இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியாக இல்லை. இரு ஆசிரியர் ஒரு மேசையில் அமர்ந்து திட்டமிடும் ஒரு மணி நேரம் வேண்டும்.

மாணவருக்கு ஒன்று கூறுவோம். களும்பாங்கிலோ புக்கிட் ரோத்தானிலோ இருந்து ஆங்கில இலக்கியம் பயிலச் செல்பவர், தம் தமிழ் நூல்களை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டுவதில்லை. பழஞ்சொல்லின் பொருளை ஆராயும்போதும், பாட வேறுபாட்டை எடைபோடும்போதும், யாப்பின் நடையைச் செவியால் அளக்கும்போதும், தமிழ்ப்பள்ளியில் பெற்ற கல்வியே அவருக்கு முதற்கருவியாக அமையும். தமிழ் இலக்கியம் பயிலச் செல்பவரும் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தையேனும் முழுமையாகப் படித்துவிட்டுச் செல்லட்டும். பூரணலிங்கம் பிள்ளையும் சூரியநாராயண சாஸ்திரியாரும் வெவ்வேறு துறைகளில் இருந்தே ஓரிதழை நடத்தினர். அவ்வகைத் தோழமை நம் பள்ளிகளிலும் ஏற்படுமாயின், இரு பாடங்களுக்கும் மாணவர் வந்து சேர்வர்.